கூண்டு வண்டியும் கல் கூரையும்: பர்கண்டியில் ஆறு நாள்

முதல் நாள்: தூர்னு

மகள் லியோனில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. "பாரிஸ் போலாம்ப்பா, ஈஃபில் டவர் காட்டறேன்" என்றுதான் கூப்பிட்டாள். நான் கேட்டது வேறு. முப்பத்து மூன்று வருடம் சைட் என்ஜினீயராகக் குப்பை கொட்டியவன் நான். கான்கிரீட் போட்டு நாள் கணக்கு முடிந்து சென்ட்ரிங் பிரிக்கிற காலையில், ஓய்வு பெறும் வருடம் வரைக்கும் எனக்கு வயிற்றைப் பிசையும். கம்பி உண்டு, சிமென்ட் உண்டு, கணக்கு உண்டு, இருந்தும் பயம். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் வெறும் கல்லையும் சுண்ணாம்பையும் வைத்துத் தலைக்கு மேலே கூரை வளைத்தவன், அடியில் இருந்த மரச் சாரத்தை உருவிய அன்று எப்படி நின்றிருப்பான்? அந்தக் கூரைகளைத்தான் பார்க்க வேண்டும் என்றேன். "சரி, அப்போ பர்கண்டி" என்று, பிரான்சின் கிழக்கே இருக்கும் அந்தப் பகுதிக்குக் காரை வாடகைக்கு எடுத்துவிட்டாள். ஆறு நாள், ஐந்தாறு ஊர். ஒவ்வொரு ராத்திரியும் அன்றன்றைக்கு எழுதிப் போடுகிறேன்.

லியோனிலிருந்து சோன் ஆற்றை ஒட்டி வடக்கே ஒரு மணி நேரம் வந்தால் தூர்னு. புனித பிலிபேர் மடாலயக் கோவில். முன்னால் போய் நின்றதும் வீட்டுக்காரி கேட்டாள்: "ஏனுங்க, இது கோட்டையா கோயிலா?"

நியாயமான கேள்வி. முகப்பில் சன்னல் என்று பார்த்தால் அம்பு விடுகிற சந்து மாதிரி நாலைந்து கீறல்கள். மற்றதெல்லாம் சுவர். இந்தத் துறவிகளின் கதையைக் கேட்டால் அது புரியும். அட்லாண்டிக் கரையில் நுவார்மூத்தியே என்ற தீவில் இருந்தவர்கள். வைக்கிங் கொள்ளையர்கள் வர வர, தங்கள் புனிதரின் எலும்புகளைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக ஓடி, 875-இல் இங்கே வந்து சேர்ந்தார்கள். அப்பாடா என்று உட்கார்ந்தால் 937-இல் ஹங்கேரியர்கள் கிழக்கேயிருந்து வந்து கொளுத்தினார்கள். அதற்குப் பிறகு கட்டியது கோட்டை மாதிரி இல்லாமல் வேறு எப்படி இருக்கும்?

சுவரில் கை வைத்துப் பார்த்தேன். கையளவுச் சின்னக் கற்கள், சுத்தியலால் தட்டிச் சரிபண்ணியவை, தாராளமான சுண்ணாம்புச் சாந்தில் வரிசை வரிசையாக. இழைத்த பெரிய கல் கிடையாது. வெறும் சுவர் மொட்டையாகத் தெரியாமலிருக்க, பட்டை பட்டையாக மெல்லிய தூண்களைச் சுவரிலேயே துருத்திவிட்டு, உச்சியில் ஒரு பட்டைக்கும் அடுத்த பட்டைக்கும் நடுவே குட்டிக் குட்டி வளைவுகளைக் கோத்திருக்கிறார்கள். லொம்பார்டிப் பட்டை என்று பெயர். வட இத்தாலிக் கொத்தர்கள் வேலை தேடிப் போன ஊருக்கெல்லாம் கொண்டுபோன பாணி. தெக்கத்திக் கொத்தனார் கட்டிய வீட்டைக் கைப்பிடிச் சுவரை வைத்தே எங்கள் பக்கம் கண்டுபிடிப்பது போல.

உள்ளே முதலில் முன்மண்டபம். இருட்டு. கட்டைக் குட்டையாகத் தடித்த தூண்கள். அதைத் தாண்டி நடுக்கூடத்துக்குள் கால் வைத்தால் திடீரென்று வெளிச்சம். இளஞ்சிவப்பு உருண்டைத் தூண்கள் நெட்டையாக இரண்டு வரிசை. அவையும் சின்னக் கற்களை அடுக்கிக் கட்டியவைதான், சிற்பமோ பூ வேலையோ இல்லை. அண்ணாந்து பார்த்தேன். அங்கேயே பத்து நிமிடம் நின்றுவிட்டேன்.

இதைச் சொல்ல ஒரு கூண்டு வண்டி வேண்டும். எங்கள் தாத்தா வண்டிக்குக் கூண்டு கட்டும்போது பார்த்திருக்கிறேன். மூங்கில் பிளாச்சை வளைத்து, இரண்டு நுனியையும் வண்டியின் இரண்டு பக்கச் சட்டத்தில் சொருக வேண்டும். சட்டம் லொடலொடத்தால் பிளாச்சு விரிந்துகொண்டு சட்டத்தையும் வெளியே தள்ளும். கல் கூரையும் அதேதான். அரை வட்டமாக வளைத்த கூண்டு, தன் பாரத்தை நேர் கீழே மட்டும் இறக்காது, பக்கவாட்டில் உதைக்கும். ராத்திரி பகல் உதைத்துக்கொண்டே இருக்கும். அதைத் தாங்கத்தான் தடித்த சுவர். சுவரில் ஓட்டை போட்டால் பலம் போகும் என்பதால்தான் சின்னச் சன்னல். ரோமனெஸ்க் (இந்த 11, 12-ஆம் நூற்றாண்டுப் பாணிக்குப் பெயர் அது) கோவில் என்றாலே எல்லாரும் சொல்கிற இருட்டு, கனம், தடிமன் எல்லாம் ரசனையால் வந்தவை அல்ல, அந்த உதையால் வந்தவை.

தூர்னுக் கொத்தன் என்ன செய்தான் என்றால், கூண்டையே குறுக்கே திருப்பிப் போட்டுவிட்டான். வாசலிலிருந்து பீடம் வரைக்கும் நீளமாக ஒரே கூண்டு போடாமல், இரண்டு தூணுக்கு ஒன்று என்று, சாலைக்குக் குறுக்கே நிறுத்திய வண்டிகள் மாதிரி வரிசையாகக் கூண்டுகள். ஒரு கூண்டின் உதையை அடுத்த கூண்டு வாங்கிக்கொள்ளும். நெரிசலான டவுன் பஸ்ஸில் டிரைவர் பிரேக் அடித்தாலும் நடுவில் நிற்பவன் விழமாட்டான் அல்லவா, அந்தக் கணக்கு. கடைசி ஆளைத்தான் பிடிக்க வேண்டும்: ஒரு முனையில் தடித்த முன்மண்டபம், மறு முனையில் கோபுரம் நிற்கும் குறுக்குக் கூடம். பக்கச் சுவருக்குப் பாரமே இல்லாததால் உயரத்தில் நன்றாகச் சன்னல் வைத்துவிட்டான். வெளிச்சத்துக்குக் காரணம் அதுதான்.

இத்தனை கெட்டிக்கார யோசனையை ஏன் யாரும் பெரிதாகப் பின்பற்றவில்லை? என் ஊகம், பார்வைக்கு இடிக்கிறது. ஒவ்வொரு இரண்டு தூணுக்கும் ஒரு வளைவு தலைக்கு மேல் வந்து கண்ணை நிறுத்துகிறது. பீடம் வரை கண் ஒரே வழுக்காகப் போக வேண்டும் என்று துறவிகள் ஆசைப்பட்டிருப்பார்கள். என்ஜினீயர் சொன்னதைக் கட்டிடக்காரர் கேட்ட சரித்திரம் எங்கே இருக்கிறது?

பீடத்துக்குப் பின்னால் ஒரு சுற்றுப் பாதை, அதிலிருந்து கிளைக்கும் சிறு ஆலயங்கள். பூசை நடக்கும்போதே யாத்ரீகர்கள் தொந்தரவில்லாமல் சுற்றிவந்து புனிதரின் எலும்பைக் கும்பிட்டுப் போக வழி. "பிரகாரம்" என்றாள் வீட்டுக்காரி ஒரே வார்த்தையில். 1120-இல் போப் இரண்டாம் கலிக்ஸ்துஸ் வந்து அர்ச்சித்த பகுதி இது.

இரண்டாம் நாள்: ஷாப்பேஸ்

நேற்று ஒன்றை எழுத விட்டுவிட்டேன். தூர்னுவில் அந்த முன்மண்டபத்துக்கு மாடி உண்டு. அங்கேயும் ஒரு தேவாலயம். அங்கே கூண்டு நீளவாக்கில் போகிறது. அதன் உதையைத் தாங்க இரண்டு பக்கமும் கால் வட்டக் கூரைகள் முட்டுக் கொடுக்கின்றன. கீழ்த்தளத்தில் வேறு மாதிரி, நடுக்கூடத்தில் வேறு மாதிரி. ஒரே கட்டிடத்தில் இத்தனை விதமாகப் போட்டிருக்கிறார்கள் என்றால் தெரிந்து செய்த வேலை என்பதைவிடத் தேடிக்கொண்டே செய்த வேலை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இன்றைக்கு ஷாப்பேஸ். தூர்னுவிலிருந்து வயல்களுக்கு நடுவே குறுகலான சாலை. வெள்ளை மாடுகள், ஷரோலே என்று பெயர் போன இனம். ஊர் என்று சொல்ல ஒரு கைப்பிடி வீடுகள். நடுவே சுமார் 35 மீட்டர் உயர மணிக்கூண்டு. 11-ஆம் நூற்றாண்டு வேலை. இந்த ஊருக்கு இது கொஞ்சம் அதிகம்.

கதவு திறந்திருந்தது, உள்ளே ஒருவரும் இல்லை. தடித்த உருண்டைத் தூண்கள், மேலே கூரை. இரண்டு நிமிடத்தில் எனக்கு ஏதோ உறுத்தியது. முப்பது வருடப் பழக்கம், கண் தானாகத் தூக்குக் கோணம் பார்த்துவிடும்.

"தூண் சாஞ்சிருக்குது" என்றேன்.

"உங்களுக்கு எங்க போனாலும் இதே பொழப்பு" என்றாள் வீட்டுக்காரி. ஆனால் கைப்பையிலிருந்து நூல்கண்டை எடுத்துக் கொடுத்ததும் அவள்தான். ஊசி நூல் இல்லாமல் அவள் விமானம்கூட ஏறமாட்டாள். மகளிடம் கார் சாவியை வாங்கி நூல் நுனியில் கட்டினேன். தூக்குக்குண்டு தயார். பக்கக்கூடத்துப் பக்கமாக நின்று, கை எட்டிய உயரத்தில் நூலைத் தூணோடு அழுத்திப் பிடித்துச் சாவியைக் கீழே விட்டேன். ஆட்டம் நிற்கும்வரை மூன்று பேரும் மூச்சுவிடாமல் பார்த்தோம். மேலே கல்லைத் தொட்டுக்கொண்டிருந்த நூல், கீழே வர வரக் கல்லை விட்டு விலகி நின்றது. தூணின் தலை வெளிப்பக்கம் போயிருக்கிறது. சந்தேகமே இல்லை.

கதை இதுதான். முதலில் போட்ட கல் கூண்டு சுவரையும் தூணையும் வெளியே தள்ளிவிட்டது. பழைய கூரை போய், 12-ஆம் நூற்றாண்டில் வேறு கூரை போட்டார்கள். இப்போது தலைக்கு மேல் இருப்பது அதுதான். நன்றாகப் பார்த்தால் அது அரை வட்டம் இல்லை. உச்சியில் லேசாகக் கூர்மை தெரியும். கூர்மையாக்கினால் உதை குறையும், பாரம் நேர் கீழே இறங்கும். வீட்டு ஓட்டுக் கூரையைச் சாய்வாகத் தூக்கிக் கட்டினால் சுவர் தள்ளாது என்று கொத்தனார் சொல்வாரே, அதற்குப் பக்கத்து உறவு.

இதில் ஒரு பெரிய தப்பபிப்பிராயத்தைத் தீர்த்துவிடலாம். வட்ட வளைவு என்றால் ரோமனெஸ்க், கூர் வளைவு என்றால் அதற்கு அடுத்து வந்த கோதிக் என்று பள்ளிப் புத்தகம் மாதிரி சொல்லிவிடுகிறோம். பர்கண்டியில் அது எடுபடாது. கோதிக் பிறப்பதற்கு முன்பே இங்கே கூரையைக் கூர்மையாக்கிவிட்டார்கள். அழகுக்காக அல்ல, விழுந்த கூரைகள் கற்றுக்கொடுத்த பாடம்.

சாந்தில் பாருங்கள், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே விரல் தடிமன். எங்கள் அப்பா பார்த்திருந்தால் "கலவையிலயே சுவர் கட்டிட்டாங்க" என்றிருப்பார். ஆனால் சுண்ணாம்புச் சாந்து மெதுவாக இறுகும். இறுகும் வரை கட்டிடம் கொஞ்சம் நெளிந்து, அசைந்து, தனக்கு வேண்டிய நிலைக்கு வந்து உட்காரும். சிமென்ட்டாக இருந்தால் விரிசல் விட்டிருக்கும். அந்தத் தூண்கள் சாய்ந்த நிலையிலேயே நிற்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மூன்றாம் நாள்: க்ளூனி

இல்லாத ஒன்றைப் பார்க்க இன்று டிக்கெட் வாங்கினோம்.

910-இல் அக்கிதேன் கோமகன் கியோம் கொடுத்த நிலத்தில் தொடங்கிய மடம். பக்கத்துப் பிரபுக்களுக்கோ ஆயருக்கோ கட்டுப்படாமல் நேரே போப்புக்கு மட்டும் கட்டுப்பட்டதால் வளர்ந்தது, ஐரோப்பா முழுக்கக் கிளை விட்டது. 1088-இல் மடாதிபதி ஹியூக் மூன்றாவது தடவையாகக் கோவிலைக் கட்டத் தொடங்கினார். 1095-இல் போப் இரண்டாம் உர்பன் பெரிய பீடத்தை அர்ச்சித்தார். அவரே ஒரு காலத்தில் இந்த மடத்துத் துறவி. முன்மண்டபத்தோடு சேர்த்து 187 மீட்டர் நீளம். நடுக்கூடத்துக் கூரை சுமார் 30 மீட்டர் உயரத்தில். ரோமில் இப்போதைய புனித பேதுரு பேராலயம் எழும்பும் வரை கிறிஸ்தவ உலகில் இதைவிடப் பெரிய கோவில் கிடையாது.

30 மீட்டர் என்றால் பத்து மாடி. அங்கே கல் கூண்டு. உதை எவ்வளவு இருந்திருக்கும்? 1125-இல் நடுக்கூடத்தில் ஒரு பகுதி கூரை விழுந்தது. விழாமல் இருந்திருந்தால்தான் எனக்கு ஆச்சரியம். திரும்பக் கட்டினார்கள், நின்றது. அப்புறம் அறுநூற்றைம்பது வருடத்துக்கு மேல் நின்றது.

விழவைத்தது உதை இல்லை, காசு. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு 1798-இல் கோவிலை விற்றார்கள். வாங்கியவர்களுக்கு அது கோவில் அல்ல, கல் குவாரி. வெடி வைத்து இடித்து, கல்லை விற்று, நடுக்கூடத்துக்குக் குறுக்கே ஒரு தெருவையே போட்டு, 1823 வரை இந்த வேலை நடந்தது. பீடம் இருந்த இடத்தில் அரசாங்கக் குதிரைப் பண்ணை வந்தது. இன்று அந்தத் தெருவில் கார் போகிறது. நாங்களும் நடந்தோம்.

மிச்சம் இருப்பது பெரிய குறுக்குக் கூடத்தின் தெற்குக் கை, அதன் மேல் எண்கோண மணிக்கூண்டு. மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த ஒரு கைக்குள் போய் நின்று அண்ணாந்தால் கழுத்து வலிக்கிறது. கீழே வளைவுகள் கூர்மை. அதற்கு மேல் ரோமானியர் பாணியில் நெடுங்கோடு வரித்த சுவர்த் தூண்கள், அதற்கும் மேலே சின்னச் சன்னல்கள். இழைத்த கல், மெல்லிய சாந்து; தூர்னுவுக்கும் இதற்கும் ஒரு நூற்றாண்டு. கைவேலை எவ்வளவு முன்னேறிவிட்டது என்று தொட்டே தெரிந்துகொள்ளலாம். ஒரு முழங்கையைப் பார்த்து ஆள் உயரத்தைக் கணக்குப் போடுவது போல மீதியை நாமே கட்டிக்கொள்ள வேண்டும்.

பீடத்தைச் சுற்றி நின்ற தூண்களின் தலைகள் மட்டும் எட்டு, மடத்தின் பழைய மாவுக்கிடங்கில் வட்டமாக வைத்திருக்கிறார்கள். சொர்க்கத்தின் நான்கு ஆறுகள், இசையின் சுரங்கள். உடைந்தும் உடையாமலும் இருக்கின்றன. மகள் படம் எடுத்தாள், நான் வெளியே வந்து அந்தத் தெருவோரத்தில் உட்கார்ந்துவிட்டேன். இடிக்கிற கான்டிராக்ட் எடுத்தவர்களை எனக்கும் தெரியும். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. டன் கணக்கு, லோடு கணக்கு, அவ்வளவுதான்.

மதியம் கூஜேர் என்று ஒன்று தின்றோம். சீஸ் போட்டுச் சுட்ட மாவு உருண்டை, உள்ளே காற்று. "குழிப்பணியாரத்த அடுப்புல வெச்சு மறந்துட்டாங்க" என்பது வீட்டுக்காரியின் தீர்ப்பு. ஆனால் ஆறு தின்றாள்.

நான்காம் நாள்: பரே-லெ-மோனியால்

மழை. சுருக்கமாக முடிக்கிறேன்.

க்ளூனியில் இல்லாததைப் பார்க்க இங்கே வர வேண்டும். அதே மடத்துக்குக் கீழ்ப்பட்ட ஊர், அதே பாணி, 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கம், அளவில் சின்னது: நீளம் சுமார் 63 மீட்டர், உயரம் 22. கூர் வளைவு, நெடுங்கோட்டுத் தூண், மூன்றடுக்குச் சுவர் எல்லாம் அப்படியே. நேற்று மனசுக்குள் கட்டியதை இன்று கல்லில் சரிபார்த்தேன். பெரும்பாலும் சரியாகத்தான் கட்டியிருந்தேன். சிற்பம் அதிகம் கிடையாது, அதுவும் நல்லதற்கே. பின்பக்கம் குடை பிடித்து நின்று பார்த்தால், சிறு ஆலயங்கள், அவற்றுக்கு மேல் சுற்றுப்பாதை, அதற்கு மேல் பீடக்கூடம், அதற்கும் மேல் எண்கோணக் கோபுரம் என்று படிப்படியாக ஏறுகிறது. உள்ளே என்ன இருக்கிறதோ அதை வெளியே படிக்கலாம். ஒளிவுமறைவில்லாத கட்டிடம். இந்தப் பாணியில் எனக்கு மிகவும் பிடித்த குணம் இது.

வீட்டுக்காரிக்கு இங்கே வேறொரு கதை கிடைத்தது. 1673 முதல் 1675 வரை மார்கரீத் மரி என்ற கன்னியாஸ்திரீக்கு இயேசு தன் இருதயத்தைக் காட்டியதாகச் சொல்லும் இடம் இந்த ஊர்தான். நம் ஊர்க் கிறிஸ்தவ வீடுகளில் முன் அறையில் மாட்டியிருக்கும் திரு இருதய ஆண்டவர் படத்தின் தொடக்கம் இங்கே. "எங்க கான்வென்ட்டு ஸ்கூல்ல பிரேயர் ஹால்ல இருந்துச்சே, அந்தப் படம்!" என்று கோவிலைவிட்டு அந்தச் சிற்றாலயத்துக்குப் போய் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். சிவகங்கைப் பக்கம் இடைக்காட்டூரில் திரு இருதயக் கோவில் பார்த்திருக்கிறேன். அது முழுக்க முழுக்கக் கோதிக் சாயல். நம் ஊரில் பார்க்கிற பழைய பெரிய சர்ச்சுகள் பலவும் அப்படித்தான், அதனாலேயே இந்தக் குட்டைக் கழுத்து வட்ட வளைவுக் கோவில்கள் நம் கண்ணுக்கு சர்ச் மாதிரியே தெரிவதில்லை.

ஐந்தாம் நாள்: ஓத்தன்

ஊருக்குள் நுழையும்போதே ரோமானியர் கட்டிய நகர வாசல். ஆரூ வாசல் என்று பெயர். வண்டி போகப் பெரிய வளைவுகள், அதற்கு மேல் வரிசையாகச் சின்ன வளைவுகள், நடுநடுவே நெடுங்கோடு வரித்த பட்டைத் தூண்கள். அகஸ்துஸ் பெயரால் உண்டான ஊர் இது. வாசலைப் பார்த்த அரை மணி நேரத்தில் புனித லாசர் பேராலயத்துக்குள் போனால் நடுச்சுவரில் அதே வரிசை, அதே பட்டைத் தூண். 1120 வாக்கில் தொடங்கிய வேலை. மாதிரியைத் தேடி ரோமுக்கெல்லாம் போகவேண்டியதில்லை, ஊர் வாசலைப் பார்த்தாலே போதும்.

ரோமனெஸ்க் என்ற பெயரே பிற்காலத்தில் ஒட்டியது. 1818-இல் நார்மண்டிக்காரர் ஷார்ல் தெ ஜெர்வீல் ஒரு கடிதத்தில் இந்தப் பாணியை 'ரோமான்' என்றார். லத்தீன் சிதைந்து பிரெஞ்சு வந்தது போல, ரோமானியக் கட்டிடக்கலை சிதைந்து வந்தது என்ற அர்த்தத்தில். கட்டியவர்களுக்கு அப்படி ஒரு பெயரில் கட்டுகிறோம் என்று தெரியாது.

இங்கே எல்லாரும் வருவது மேற்கு வாசலுக்கு மேலுள்ள அரைவட்டக் கல்லைப் பார்க்க. வட்ட வளைவு வாசல் வைத்தால் நிலைக்கு மேல் ஓர் அரைவட்ட இடம் மிஞ்சும். அந்த மிச்சத்தைத்தான் சிற்பிகள் பிடித்துக்கொண்டார்கள். இங்கே இறுதித் தீர்ப்பு. நடுவில் கிறிஸ்து, மற்ற எல்லாரையும்விடப் பல மடங்கு பெரிதாக, கைகளை விரித்து. கீழே கல்லறைகளிலிருந்து எழுந்துவரும் மனிதர்கள், சின்னச் சின்னதாக. இரண்டு யாத்ரீகர்களின் பையில் சிலுவையும் சிப்பியும்: ஒருவன் ஜெருசலேம் போனவன், ஒருவன் ஸ்பெயினிலுள்ள சந்தியாகோவுக்கு யாத்திரை போனவன். அவர்களுக்குப் பயமில்லை. அந்தப் பக்கம் ஒருத்தன் மாட்டிக்கொண்டான். மேலேயிருந்து இரண்டு ராட்சதக் கைகள் இறங்கி அவன் தலையைக் கவ்வுகின்றன, தென்னை மரத்தில் இளநீர் பறிப்பது போல. கைக்குச் சொந்தக்காரன் தெரியவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. தராசில் ஆன்மாவை நிறுக்கும் இடத்தில் பேய் தட்டைப் பிடித்து இழுக்கிறது. சந்தைக் கடையில் எடை போடும்போது நாம் பார்க்காத காட்சியா?

கிறிஸ்துவின் காலடியில் லத்தீனில் 'ஜிஸ்லெபர்த்துஸ் இதைச் செய்தான்' என்று வெட்டியிருக்கிறது. சிற்பியின் கையெழுத்து என்று பலரும் கொண்டாடுகிறார்கள். இல்லை, அது பழைய புரவலன் ஒருவனின் பெயர் என்று சொல்கிற ஆராய்ச்சியாளரும் உண்டு. அந்த லத்தீன் வினைச்சொல்லுக்குச் செய்தான், செய்வித்தான் இரண்டு பொருளும் வரும். நம் கல்வெட்டில் 'செய்வித்தான்' என்று தெளிவாக இருப்பதால் பணம் கொடுத்தவன் பெயர் நிற்கிறது, உளி பிடித்தவன் பெயர் பெரும்பாலும் நிற்பதில்லை. இங்கே இலக்கணம் குழம்பியதால் ஒரு சிற்பிக்குப் புகழ் கிடைத்திருந்தால், கிடைக்கட்டுமே.

1766-இல் இந்தக் கோவில் குருமாருக்கு இது அநாகரிகமாகத் தெரிந்தது. மொத்தச் சிற்பத்தையும் பூசி மூடினார்கள். பூச்சுக்குத் துருத்திக்கொண்டு இடைஞ்சலாக இருந்த கிறிஸ்துவின் தலையை மட்டும் வெட்டி எடுத்துவிட்டார்கள். இருபத்து மூன்று வருடம் கழித்துப் புரட்சி வந்தது, ஊர் ஊராகச் சிற்பங்களை உடைத்தார்கள். இங்கே உடைக்க ஒன்றும் கண்ணில் படவில்லை. 1837-இல் பூச்சை உரித்தார்கள், 1948-இல் தலையும் திரும்பி வந்து கழுத்தில் உட்கார்ந்தது. மட்டமான ரசனையும் ஒரு தட்டைப் பூச்சும் சேர்ந்து காப்பாற்றிய சிற்பம்.

அதே 1766-இல் வடக்கு வாசலையும் பிரித்தார்கள். அதிலிருந்த ஏவாளின் கல் ஒரு வீட்டுச் சுவருக்குள் போய்விட்டது. 1856-இல் வீட்டை இடித்தபோது வெளியே வந்தது. அதைப் பார்க்க இன்றைக்குக் கொடுத்துவைக்கவில்லை. தப்பு எங்களுடையது, மேலே தூண் தலைகளைப் பார்த்துக்கொண்டே நேரத்தை விட்டுவிட்டோம்.

அந்தத் தூண் தலைகளுக்காக விட்டதில் வருத்தமும் இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் தூண்களைப் பலப்படுத்தியபோது சில மூலத் தலைகளைக் கழற்றி, மாடியிலுள்ள அறையில் கண் மட்டத்தில் வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்று: மூன்று ராஜாக்கள் ஒரே கட்டிலில், அரைவட்டமாகச் சுருக்கம் விழுந்த ஒரே கம்பளிக்குள், தலையில் கிரீடத்தோடு தூங்குகிறார்கள். தேவதூதன் குனிந்து ஒருவருடைய சுண்டுவிரலை ஒற்றை விரலால் தொடுகிறான். தொட்ட ஆளுக்கு மட்டும் கண் திறந்திருக்கிறது. மற்ற இரண்டு பேரும் அயர்ந்த தூக்கம்.

"கிரீடத்தோடயேவா தூங்குவாங்க?"

"கழட்டி வெச்சா ராஜான்னு எப்படிம்மா தெரியும்?" என்றாள் மகள்.

நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். தூங்குகிற குழந்தையை அப்படித்தான் எழுப்புவோம்.

வெளியே வந்து ஒரு சுற்றுச் சுற்றியபோது எதிர்பார்த்தது கண்ணில் பட்டது: மேல்சுவரை வெளியேயிருந்து தாங்கும் பறக்கும் முட்டு வளைவுகள். முதலில் கட்டியவன் போட்டதல்ல, பின்னால் வைத்தவை. சுவர் நகர ஆரம்பித்திருக்கும். இங்கேயும் உதை.

ஆறாம் நாள்: வெஸ்லே

குன்றின் மேல் ஊர், ஊர் முழுக்க ஒரே தெரு, தெரு முடிவில் மக்தலா மரியாள் பேராலயம். சந்தியாகோ யாத்திரை தொடங்கும் இடங்களில் ஒன்று என்பதால் தெருவில் பித்தளைச் சிப்பிகள் பதித்திருக்கிறார்கள். 1120-இல் ஒரு பெரிய தீவிபத்தில் பழைய கோவில் எரிந்தது. இப்போதைய நடுக்கூடம் அதற்குப் பிறகு வந்தது. 1146 மார்ச் 31-இல் துறவி பெர்னார்து இரண்டாம் சிலுவைப் போருக்கு ஆள் சேர்த்துப் பேசியது இந்த மலைச் சரிவில்தான்.

முன்மண்டபத்தில், உள்வாசலுக்கு மேலே இன்னொரு அரைவட்டக் கல். இங்கே தீர்ப்பு இல்லை. கிறிஸ்து விரல்களிலிருந்து கதிர் விட்டு, சீடர்களை உலகத்தின் எல்லா மக்களிடமும் அனுப்புகிறார். அவருடைய முழங்காலிலும் இடுப்பிலும் துணிமடிப்பு சுழி சுழியாகச் சுழல்கிறது, ஆற்றுச் சுழல் மாதிரி. சரி, எல்லா மக்களும் யார்? நாய் முகத்து ஆட்கள். முறம் மாதிரி காதுள்ள ஒரு குடும்பம், அப்பா அம்மா பிள்ளை. ஏணி வைத்துக் குதிரை ஏறும் குள்ளர்கள்.

மகள் கைபேசியில் படித்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். "அப்பா, நாய் மூஞ்சி நாமதான்!"

உண்மைதான். கிரேக்க வைத்தியர் க்டேசியஸ் காலத்திலிருந்தே நாய்த்தலை மனிதர்களின் விலாசம் இந்திய மலைகள். காதுக்குள்ளேயே படுத்துத் தூங்குகிறவர்களை இந்தியாவில் வைத்தவர் நம் மெகஸ்தனிஸ். பாண்டிய நாட்டைப் பெண் ஆண்டாள் என்று எழுதியதற்காகப் பாடப் புத்தகத்தில் மதிப்பாகப் படிப்போமே, அதே ஆள். வீட்டுக்காரி வெகுநேரம் அந்த நாய்முகங்களைப் பார்த்துவிட்டு, "மூக்கு கொஞ்சம் உங்க பெரியப்பா சாடை" என்றாள்.

உள்ளே போனால் கூரை வேறு ரகம். வெஸ்லேக் கொத்தன் கூண்டை நீளமாகவும் போடவில்லை, தூர்னு மாதிரி குறுக்காகவும் போடவில்லை. இரண்டையும் ஒன்றையொன்று வெட்டும்படி போட்டான். இரண்டு கூண்டு குறுக்கே பாய்ந்தால் நாலு மூலைக்கும் பாரம் இறங்கும், நடுவே சுவருக்கு வேலை குறையும், அங்கே சன்னல் திறக்கலாம். வளைவுகளில் வெள்ளைக் கல்லும் பழுப்புக் கல்லும் மாறி மாறி. 62 மீட்டர் நீளத்துக்கு அந்த வரி வரியான வளைவுகள் வெளிச்சத்தில் போய்க்கொண்டே இருக்கின்றன. கடைசியில் பீடப்பகுதி மட்டும் பின்னால் வந்த கோதிக், இன்னும் வெளுப்பு.

இன்று ஜூன் 23. கோடைத் திருப்பம் முடிந்து இரண்டு நாள்தான். இந்த நாட்களில் சூரியன் உச்சியில் இருக்கும்போது, தெற்கு மேல்சன்னல்களிலிருந்து விழும் வெளிச்சம் நடுக்கூடத்துத் தரையில் சரியாக மையக் கோட்டில் திட்டுத் திட்டாக விழும். குளிர்காலத்தில் அதே வெளிச்சம் எதிர்ப்பக்கத் தூண் தலைகளில் ஏறிவிடும். உச்சி என்றால் கடிகாரத்தில் பன்னிரண்டு இல்லை. கோடை நேரக் கணக்கில் ஒன்றே முக்காலுக்கு மேல். ஒரு மணிக்கே போய்விட்டோம். மேகம் வந்து வந்து போனது. ஒன்று நாற்பதுக்கு ஒன்றுமே இல்லை. ஐந்து நிமிடத்தில் வெயில் வந்தது. வாசலிலிருந்து பீடம் வரை தரையில் வரிசையாக வெளிச்சத் திட்டுகள். கூட்டம் தானாகவே இரண்டு பக்கமும் ஒதுங்கியது, யாரும் மிதிக்கவில்லை. ஒரு சின்னப் பையன் மட்டும் திட்டு திட்டாகத் தாவினான். "பாண்டி ஆடறான் பாருங்க" என்றாள் வீட்டுக்காரி.

எல்லாரும் தரையைப் பார்க்க, நான் கூரையைப் பார்த்தேன். வளைவுகளில் சில அரை வட்டமாக இல்லை. உச்சி அமுங்கி, தட்டையாகி, படுக்கையில் உட்கார்ந்து எழுந்த இடம் மாதிரி இருக்கின்றன. கூண்டு உதைத்து, சுவர் வெளியே போக, வளைவு விரிந்து உச்சி இறங்கியிருக்கிறது. 1840-இல் வியோலே-லெ-டுக் என்ற கட்டிடக் கலைஞர் இதைச் சரிபண்ண வந்தபோது அவருக்கு வயது 26. அரசாங்கம் அவரை நம்பிக் கொடுத்த முதல் பெரிய வேலை, விழுந்தால் அவ்வளவுதான். கூரையில் சில பகுதிகளை இறக்கித் திரும்பக் கட்டினார், வெளியே முட்டு வளைவு கட்டினார். என் முதல் சைட்டிலும் எனக்குக் கிட்டத்தட்ட அந்த வயதுதான். நான் கட்டியது ஒரு தண்ணீர்த் தொட்டி.

பாக்கெட்டில் நூல்கண்டு இருந்தது. தூண் ஓரமாகப் போய்ச் சாவியைத் தொங்கவிட்டேன். அது ஆடி நிற்பதற்குள் தரையிலிருந்த வெளிச்சம் மையக் கோட்டை விட்டு லேசாக நகர ஆரம்பித்துவிட்டது.

"அப்பா, பார்க்கிங் டைம் முடியுது. சாவியக் குடுங்க" என்றாள் மகள்.

முடிச்சை அவிழ்க்க வரவில்லை. நூலோடு கொடுத்துவிட்டேன்.